ஆல்மோஸ்ட் தைத்த கல்யாண கவுன்

அந்தத் தையல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையோடு சரி. தெருவுக்கு அவர் 'ஆல்மோஸ்ட்'. துணி கேட்டு யார் வந்து நின்றாலும், "ஆல்மோஸ்ட் முடிஞ்சிடுச்சு" என்பார். பாதி நேரம் அது பச்சைப் பொய். துணியில் கத்திரியே பட்டிருக்காது. மீதி நேரம் சத்தியம். எந்த உடுப்பானாலும் கடைசிப் பட்டனை மட்டும் பாக்கி வைப்பார். ஆள் வந்து போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி இறக்கி, சரி என்று தலையாட்டினால்தான் அந்தப் பட்டன் ஏறும்.

பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மகளுக்கு இது தீராத தலைவலி.

"ஆரம்பிக்காத வேலைக்கு அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதுப்பா. முடியப்போறப்பதான் சொல்லணும்."

"அது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல 'எல்லாம்'னு ஒரு சொல்லு, 'பெரும்பாலும்'னு ஒரு சொல்லு. ரெண்டையும் ஒட்டவச்சாங்க. அப்போ 'பெரும்பாலும் எல்லாமே'ன்னு அர்த்தம். போகப்போக 'இன்னும் கொஞ்சம் பாக்கி'ன்னு ஆயிடுச்சு."

"ரெண்டு துண்டைச் சேர்த்ததா? அப்போ அது தையல்காரன் வார்த்தைதான்!"

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் இதையே சொன்னார். துணி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும், "கவுனை நான்தான் தைப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது. அவருடைய தங்கை யாருக்கும் தெரியாமல் கடையில் ஒரு ரெடிமேட் கவுன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்னறைக்கு அவர் கவுனோடு வந்துவிட்டார். இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. தங்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் பட்டன் இல்லை.

"இன்னிக்குமாண்ணே?" என்று பையைத் திறந்தாள்.

அதற்குள் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. ஊருக்கெல்லாம் தைத்தவன் பெற்ற பெண் கடைத் துணியில் மணமேடை ஏறுவதா?

"பையை மூடுங்க அத்தை" என்றாள் மகள். உள்ளே போய் அப்பா தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்தாள். அளவு கச்சிதம். கையைத் தூக்கினாள், இறக்கினாள். வாடிக்கையாளர் மாதிரியே சரி என்று தலையாட்டினாள்.

அவர் ஊசியை எடுத்தார். நூல் கோக்க வரவில்லை. கண் நிறைந்திருந்தது. இந்தப் பட்டன் ஏறிவிட்டால் இவள் கிளம்பிவிடுவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாப்பிள்ளை கதவைத் தட்டினான். "எல்லாம் ரெடியா?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் மகள் கத்தினாள்:

"ஆல்மோஸ்ட்!"

கல்யாணத்துக்கு வந்து வெளியே காத்திருந்த வாடிக்கைக்காரக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூலை நாக்கில் தொட்டு, மறுபடி கோத்தார். இந்தத் தடவை நேராக உள்ளே போனது.