ஜம்பு வழிவிட்ட காலை

ஆபீசில் மேலதிகாரி இருமினால்கூட எழுந்து நிற்கிறவன் ஜம்பு. பம்பாய் மாட்டுங்காவில் வீட்டு வாசலை மிதித்ததும் சிங்கமாகிவிடுவான். கர்ஜனையைக் கேட்க வீட்டில் இருந்தவர்கள் அம்மா சுப்புலக்ஷ்மியும் தங்கை ஷ்யாமளாவும்தான்.

ஷ்யாமளாவைக் கிங்ஸ் சர்க்கிளில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்கச் சேர்த்தவன் அவனேதான். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்களாம்! கற்கலாம், அதைக்கொண்டு பிழைக்கத்தான் கூடாது. வீணையைப் போல அதுவும் ஒரு கல்யாண அலங்காரம்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஃபோர்ட்டில் அவள் மனுப் போட்டிருந்த ஒரு கம்பெனி வேலைக்கு நேரில் வரச் சொன்னது. இது கை நழுவினால் அடுத்த மாதமே பாலக்காட்டில் ஓர் இரண்டாம்தாரக்காரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஜம்பு வாக்குக் கொடுத்தாயிற்று; தங்கையைக் கேட்கவில்லை.

கம்பெனி வரச் சொன்ன பாழாய்ப்போன அதே நாள் அப்பாவின் திவசம். ஜம்பு குளித்து, ஈர வேஷ்டியோடு, யாரும் தொடக் கூடாத மடியாக வந்து கதவை மறித்து நின்றான்.

"திவசத்தன்னிக்கு ஆத்துப் பொண்ணு ஆபீசுக்குக் கிளம்பறதாம்! அப்பா ஆத்மா சாந்தியடையுமோடி?"

"அப்பா இருந்தா ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்திருப்பார், அண்ணா."

"வாயை மூடு! என்னைத் தாண்டிண்டு போ, பார்ப்போம்."

ஷ்யாமளா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பயந்தாங்கொள்ளிக்கா இத்தனை நாள் நடுங்கினோம்? சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் தூரம்."

போன வாரம்தான் அவள் மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளித்தாள். அது அம்மாவுக்குத் தெரியாதா? சுப்புலக்ஷ்மி மகளின் கண்களை ஒரு கணம் பார்த்தாள். முப்பது வருஷம் வாய் திறக்காத அந்தப் பெண்மணி அலறினாள்.

"ஐயையோ! ஜம்பு, தள்ளிப் போடா! மேல பட்டா மடி போயிடும். குழாய் நின்னாச்சு, திரும்பக் குளிக்கச் சொட்டு ஜலம் கிடையாது. சாஸ்திரிகள் வேற மாடி ஏறிண்டிருக்கார்!"

ஷ்யாமளா கையை நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தாள். சிங்கம் துள்ளி விலகியது. தங்கையின் வாழ்வையே கெடுக்கக் கூசாதவன், அவள் புடவைத் தலைப்புக்கு அஞ்சிப் பல்லியாய்ச் சுவரோடு ஒட்டினான். அவளே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு படியிறங்கினாள்.

வேலை கிடைத்தது. பாலக்காட்டு மாப்பிள்ளை வேறு கழுத்தைத் தேடிக்கொண்டார். ஜம்புவோ காப்பிக் கடையில் வெட்கமில்லாமல் சொல்லித் திரிந்தான்: "என் தங்கை ஃபோர்ட்ல ஸ்டெனோவாக்கும். டைப் கிளாஸ்ல சேர்த்துவிட்டதே நான்தான்!"

அந்தத் திவசத்தன்று மாலை, சொன்ன பொய்யைக் காப்பாற்றப் பால்கனி மூலையில் ஒதுங்கி உட்கார்ந்தாள் ஷ்யாமளா. அம்மா எட்ட நின்று தட்டை நகர்த்தினாள். விலக்கானவளுக்குக் கொடுக்கக் கூடாத திவச வடை அதில் இருந்தது.