அத்தானுக்காக நான் கட்டிக்கொண்ட பெட்டி

2012இல் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் ஒரகடத்தில் ஒரே வாடகை அறையில் இருந்தோம். அத்தான் ஒரு கார் கம்பெனியில் வெல்டிங் லைனில் காண்டிராக்ட் ஆள். நான் பக்கத்தில் வேறொரு கம்பெனியில். அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வள்ளியூர்ப் பக்கம் ஊரில் இருந்தார்கள். அந்த வருஷம் காண்டிராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு. நாற்பத்திரண்டு வயதில் அத்தானுக்கு அதுதான் கடைசி பஸ். அந்த நேரம் பார்த்துத்தானா அந்தச் சனியன் பிடித்த வியாதி வரவேண்டும்?

"நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிக்க மாதிரி இருக்கு மாப்ள" என்றார் ஒருநாள். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர். அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று கையைக் காலைக் காட்டி விளக்கினார். அத்தானுக்கு பிரஷர் வேறு. தாளத்துக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை.

இந்த இரண்டாவது மாத்திரைதான் அத்தானைப் பாடாய்ப் படுத்தியது. தகடு லேசாகக் கீறினாலும் அரைமணி நேரம் ரத்தம் நிற்காது. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு சூப்பர்வைசர் கண்ணில் படாமல் நிற்பார். விஷயம் வெளியே தெரிந்தால் பெர்மனென்ட் பட்டியலில் பெயர் இருக்காதே.

அப்போது அந்த மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தாளம் சரியாகிவிட்டவர்களுக்கு ரத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. சேர்ந்தால் மாத்திரையும் பரிசோதனையும் இலவசம். நிறுத்தலாம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் மார்பில் ஸ்டிக்கர்களை ஒட்டி, வயர் மாட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். இருபத்து நாலு மணி நேரத் துடிப்பு முழுவதும் அதில் பதிவாகும். ஆராய்ச்சியைக் கவனித்துக்கொண்ட அம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "தெனிக்கும் இன்னா வேலை செய்றீங்களோ அத்தையே செய்யணும் சார். லீவு போட்டுக்கினு படுத்துடாதீங்க."

மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட். எனக்கு வாராந்திர விடுப்பு. விடியற்காலையில் என்னை எழுப்பினார். பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இத கட்டிக்கிட்டுப் போனா கேட்லயே சட்டையக் கழத்தச் சொல்லுவான். நீ போட்டுக்க மாப்ள. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

"அத்தான், இது வேற யாருக்கும் போடக்கூடாதுல்லா."

"போன மாசம் நீ லேட்டானப்ப ஒன் கார்ட ஒன் சேக்காளி தேய்க்கலயா? அதே மாதிரிதான்."

அடுத்தவனின் வருகைக் கார்டைத் தேய்ப்பது எங்களுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. பஸ்ஸை விட்டவனுக்கு ரூம்காரன் தேய்ப்பான், அவனுக்கு இவன் தேய்ப்பான். ஆள் உள்ளே இருப்பதாக மெஷின் நம்பினால் போதும். அந்தப் புத்தியோடுதான் நானும் பனியனைத் தூக்கினேன். ஸ்டிக்கர் வேர்வையில் கழன்றால் ஒட்டிக்கொள்ள என்று அவர்கள் கொடுத்திருந்ததையெல்லாம் என் மேல் ஒட்டி, வயரை மாட்டிவிட்டு ஓடினார். பத்து மணி நேரம் அதைச் சுமந்தேன். மணிக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று எழுத ஒரு தாள் இருந்தது. பாயில் படுத்துக்கொண்டே "வேலை" என்று எழுதினேன். மூடன்.

அடுத்த வாரம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், தாளம் சுத்தமாக இருக்கிறது, வேலை நேரத்தில்கூட ஒரு பிசிறு இல்லை என்று. ரத்த மாத்திரையை நிறுத்தி, மீதி அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அத்தானுக்குக் கோழி றெக்கை அடிப்பது லைனில் நிற்கும்போதுதான். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருந்தது என் துடிப்பு. என் நெஞ்சைப் பார்த்து அவருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

பஸ்ஸிலேயே சொன்னேன். "வாய மூடிக்கிட்டு வா" என்றார். "சொன்னா ஆராய்ச்சியும் போச்சு, கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் போச்சு. ஒங்க அக்காவ நீ வச்சுக் காப்பாத்துவியா?"

ஆறு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பேசும்போது வாய் கோணுகிறதா என்று பார்ப்பேன். டம்ளரை இடது கையில் கொடுத்து வாங்குகிறாரா என்று பார்ப்பேன். "ஏன்டா என்னைய பேய் மாதிரி பாக்க?" என்று எரிந்து விழுந்தார். ஆறாம் நாள் அக்கா போனில் சந்தோஷமாகச் சொன்னாள், "அவுகளுக்கு எல்லாம் சரியாயிட்டாம்லா." அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை என் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு தாம்பரம் பஸ் ஏறினேன்.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க? உங்க ஒருத்தர் கதை இல்ல இது. இத்தையெல்லாம் பாத்துத்தானே நாளைக்கி மத்தவங்களுக்கும் மாத்திரைய நிறுத்துவாங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. டாக்டர் திட்டவில்லை. எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவரை இப்பவே கூட்டிட்டு வாங்க, சாயங்காலம் வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க" என்றார்.

போன் போட்டுப் பயனில்லை. ஷிப்ட்டில் போன் லாக்கரில் இருக்கும். அன்று அவருக்கு ஓவர்டைம் வேறு, இரவு வரை வெளியே வரமாட்டார். படப்பையில் பஸ் ஊர்ந்தபோது டிரைவரைக் கெட்ட வார்த்தையில் வைதேன், வாய்க்குள்ளேயே.

கேட்டில் செக்யூரிட்டி அசையவில்லை. "சும்மா கூப்ட முடியாதுப்பா. காரணம் எழுதினாத்தான் ஸ்லிப்பு உள்ள போவும். வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

ஆமாம் என்று எழுதியிருக்கலாம். எத்தனையோ பேர் இல்லாத பாட்டியைச் சாகடித்து லீவு வாங்கியிருக்கிறார்கள். அத்தானின் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் செத்தது யார் என்ற கலக்கத்தில் அவர் ஓடிவந்தால், அந்த ஓட்டத்தை அந்த நெஞ்சு தாங்குமா? பெட்டியோடு கொடுத்த தாளில் எழுதிய பொய்க்கே இன்னும் முடிவு தெரியவில்லை. எழுதினேன்: "இருதய நோய். உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்."

கால்மணி நேரம் கழித்து அத்தான் வந்தார். கூடவே சூப்பர்வைசரும். அவர் கையில் ஸ்லிப். அத்தான் நேராக நடந்துவந்தார், இரண்டு கையும் வீசி. ஒரு பக்கமும் விழவில்லை. அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மேலறையில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி உட்கார்ந்திருந்தது. அது எங்கும் கிளம்புவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். ஊசியும் மாத்திரையும் அன்றே தொடங்கின. ஆராய்ச்சியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அத்தான் ஊருக்கே போய்விட்டார். அங்கே ஒரு கேட் செய்யும் பட்டறையில் வேலை. பொங்கலுக்குப் போயிருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் வேலையைக் கெடுத்தவன் நான்தானே என்று அக்காவிடம் புலம்பினேன்.

அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "பேசாட்டா போறாவ. இருக்காவல்லா."