அவள் பறவையைக் கம்ப்யூட்டர் ஆட்டுவித்தபோது

பிராணிகளை வளர்த்து மோதவிடும் வீடியோ கேம்களில், கம்ப்யூட்டர் நடத்தும் பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு மூளை இருக்கிறது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அவற்றுக்கு மூளை கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் இன்னும் ஆறவில்லை.

ஆம்பூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழ்வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்த அவள் அண்ணன், கண்காட்சிக்காக ஹாங்காங் போனபோது கையடக்க கேம் இரண்டு வாங்கிவந்தான். தங்கைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அவனுக்கு இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. அவனுடையது என் கைக்கு வந்தது.

அவள் அப்பா தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிப்பவர். மேற்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தோலைப் புரட்டி மறுபக்கம் தடவிப் பார்க்காமல் தரம் சொல்லமாட்டார். மகளுக்கும் அதே கை. கேமில் வரும் ஒவ்வொரு பயிற்சியாளரையும் இரண்டு மூன்று முறை தோற்றுப் பார்த்து, அது எப்படி யோசிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

“எது ஜாஸ்தி அடிக்குமோ அதைத்தான் அடிக்கும்டி. எதிர்ல இருக்கறவ இன்னா நெனைப்பான்னு அதுக்குக் கவலையே கெடையாது. உயிர் கம்மியானா மருந்து குடிக்கும். நேத்து தோத்தது இன்னிக்கு ஞாபகம் இருக்காது,” என்பாள்.

இரண்டு கேமையும் கேபிளால் இணைத்து நாங்கள் இருவரும் மோதினால் ஜெயிப்பது அவள்தான். முதலில் ஒரு நோஞ்சான் பறவையை அனுப்புவாள். பறவைக்கு மின்சாரம் ஆகாது என்பதால், நான் ஆசைப்பட்டு மின்சாரம் பாய்ச்சுகிற என் பிராணியை இறக்குவேன். அடுத்த நொடி பறவையைத் திரும்ப அழைத்துக்கொண்டு, மின்சாரம் ஏறாத ஒரு மண் பிராணியைக் கொண்டுவந்து நிறுத்துவாள். நூறு தடவை ஏமாந்திருப்பேன். எரிச்சலில் ஒருநாள் அவளைக் கிள்ளிக்கூட வைத்தேன்.

இரண்டாம் வருடப் பாதியில் அவளுக்கு நிக்காஹ் முடிவாயிற்று. கல்கத்தாவில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். “முடிவு பண்ட்டாங்க,” என்று மட்டும் சொன்னாள். டிகிரியை முடிக்கவேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், உனக்கு இஷ்டமா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மத்தியானம், கேபிளோடு மாடிக்கு வந்தாள். அந்த கேமில் ஒரு வசதி உண்டு. இருவருடைய பதிவுகளையும் கேபிள் வழியாகக் கலந்தால், அவள் தன் ஆட்டத்தில் அமைத்துவைத்திருக்கும் குகை என் ஆட்டத்துக்குள்ளும் வந்துவிடும். அதில் அவள் உருவமும் அவள் வளர்த்த பிராணிகளும் இருக்கும். நாளுக்கு ஒரு முறை மோதலாம். அவளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் ஆடும். “நான் இல்லாதப்போ வெச்சுக்கோ,” என்று சொல்லி அதைச் செய்துகொடுத்தாள்.

பிறகு நேருக்கு நேர் மோதினோம். பறவை வந்தது. நான் மின்சாரத்தை இறக்கினேன். அவள் மாற்றவில்லை. பறவை அடி வாங்கி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது, அதற்கடுத்ததும். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஜெயித்தேன், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது கோபம்.

“வேணும்னே வுட்டுக் குடுக்கறியா? என்னை இளிச்சவாய்னு நெனைச்சியா?”

“இல்லடி. எதை அழுத்துனா இன்னா,” என்றாள்.

கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நிக்காஹ்வுக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், அவளிடம் பேசவில்லை. அவளைக் கல்கத்தா ரயில் ஏற்றிவிடக் காட்பாடிக்குக் கூப்பிட்டார்கள், தலைவலி என்றேன்.

ஒரு வருடத்துக்குள் அவள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஏழாம் மாதம் எப்படியும் வருவாள், நேரில் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு போன் செய்திருக்கலாம். நம்பர் கீழ்வீட்டிலேயே இருந்தது. ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, பயணம் கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். எட்டாம் மாதத்தில் அவளும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது. அடக்கம் அங்கேயே முடிந்தது.

நாற்பது நாள் கழித்து, எடுத்துவைத்திருந்த கேமைத் திறந்து அவள் குகைக்குப் போனேன். பறவை வந்தது. நான் மின்சாரத்தை இறக்கினேன். “மாத்துடி,” என்றேன். பறவை அங்கேயே நின்று அடி வாங்கி விழுந்தது. தினமும் போனேன். தினமும் அதே பறவை, அதே அடி. ஒருநாள் அவளை ஜெயிக்கவைக்கலாம் என்று என் பிராணிகளிலேயே மட்டமானதை அனுப்பினேன். அவள் ஜெயித்தாள். அதில் அவள் இல்லை.

எத்தனையோ நாள் கழித்துத்தான் உறைத்தது. கடைசி நாள் அவள் ஆடியதும் இதே ஆட்டம்தான். எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. எதை அழுத்தினாலும் தன் கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிப்போனவள் வேறு எப்படி ஆடுவாள்? தோலைப் புரட்டிப் பார்ப்பவரின் மகளோடு அத்தனை வருடம் பழகியும், நான் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டேன்.

சில வருடங்கள் போயின. ஒருநாள் கேமைப் போட்டதும், அதில் செருகும் கேசட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆட்டம் தொடரும், ஆனால் நேரத்தைப் பொறுத்து நடப்பவை இனி நடக்காது என்று எழுத்து வந்தது. நேராக அவள் குகைக்குப் போனேன். முந்தின நாள் மோதியிருந்தேன். கேசட்டுக்கு இன்னும் அதே நாள்தான். இன்றைக்கு ஆயிற்று, நாளைக்கு வா என்றது அவள் உருவம்.

“மன்னிச்சுக்கோடி,” என்று வாய்விட்டுச் சொல்லி, பட்டனை அழுத்தினேன்.

இன்றைக்கு ஆயிற்று, நாளைக்கு வா என்றது.