ரோஷன் பீவியின் கிழக்குச் சுவர்

ரோஷன் பீவி தீப்பெட்டியைத் தொட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அடுப்புப் பற்றவைப்பது புருஷன். விளக்கேற்றுவதும் புருஷன்தான். புதுப்பட்டினத்தில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அந்தத் தீயைப் பார்க்காதவர்கள்.

1954 கோடையில், உச்சி வெயிலில், வலை வைக்கிற கொட்டகையில் பிடித்தது அந்தத் தீ. கடல்காற்று அதை ஊருக்குள் இழுத்து வந்தது. பதினோரு கீற்று வீடுகள் போயின. தண்ணீர் வண்டி வந்தபோது சாம்பலே ஆறிவிட்டது. ஊருக்கே ஒரு தண்ணீர் வண்டி வேண்டும் என்று சனங்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். மனுவும் எரிகிற பொருள்தான், எதையும் அணைக்கிற பொருள் இல்லை.

அவள் பதினாறு வயதில் ஷேக் தாவூதுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்தவள். தாவூது கயிறும் வலைநூலும் விற்கிறவர். அவருடைய அப்பா படகு மர வியாபாரி. விற்று மிஞ்சிய மரத்தையெல்லாம் போட்டு ஒரு வீடு எழுப்பிவிட்டுப் போயிருந்தார். பனந்தூண், மரச்சட்டம், நாலு பக்கமும் பலகைச் சுவர், மேலே நாட்டு ஓடு. கிழக்கே ஒட்டினாற்போல் மீன் விற்கிற சந்திரம்மாவின் கீற்று வீடு.

அன்றைக்கு அந்தக் கிழக்குச் சுவரும் பிடித்தது. உள்ளே மகள் ஜெய்புன்னிசா இருந்தாள். ஒன்பது வயசு. இளம்பிள்ளை வாதம் இரண்டு காலையும் கொண்டுபோயிருந்தது. கிணற்றடியிலிருந்து ஓடி வந்த ரோஷன் பீவி வாசல்படி வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். உள்ளே புகை. "ம்மா, ம்மா" என்று பிள்ளை கூப்பிடுகிறது. இவள் கால் நகரவில்லை. சந்திரம்மாதான் இவளை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கேட்காததால் அது உள்ளேயே கிடந்து அரித்தது. அடுத்த தடவையும் கால் நின்றால்? அப்போது சந்திரம்மா ஊரில் இல்லாவிட்டால்?

கரிந்த பலகையோடுதான் அந்தச் சுவர் நின்றது; சந்திரம்மாவும் மறுபடி கீற்றே வேய்ந்திருந்தாள். மறு வருஷம் பங்குனி பிறந்ததும் புருஷனிடம் சொன்னாள்.

"இன்னாங்க, அந்தச் செவுரு புடிக்காம இருக்க எதனா பண்ணுங்க. இல்லாங்காட்டி புள்ளைய இஸ்துகினு எங்க அம்மா வூட்டுக்குப் பூடறேன்."

"செங்கல்பட்டுல நெருப்புத் தாங்கற பலக விக்கறாங்களாம். போய்ப் பாப்போம்."

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜானகிராமன் என்பவர் கடை. இரண்டு தினுசு பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். ஒன்று மரக்கூழை அழுத்திச் செய்தது, லேசானது. இன்னொன்று சிமெண்டும் கல்நாரும் சேர்த்தது, சாம்பல் நிறம், கனம் அதிகம்.

"ரெண்டும் நெருப்பு தாங்கும்மா. இந்த லேசானது கம்மி வெல."

"தாங்கும்னு நீ சொல்றியா, நெருப்பு சொல்லுதா?"

ஜானகிராமன் தாவூதைப் பார்த்தார். தாவூது கூரையைப் பார்த்தார். ரோஷன் பீவி இரண்டிலும் உடைந்த துண்டு ஒவ்வொன்று கேட்டு வாங்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனாள். அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி நின்று கையை நீட்டினாள்.

"அண்ணாத்த, இத்த ரெண்டையும் அடுப்புல போடு. நான் கிட்ட வரமாட்டேன்."

"இன்னாம்மா, வடையா இது? திருப்பிப் போட்டு எடுக்கட்டுமா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கூழ்ப் பலகை புகைந்தது, கறுத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சிரிப்பு நின்றது. சாம்பல் பலகை 'பட்'டென்று ஒரு சத்தம் போட்டது. ஓரத்தில் சில்லு தெறித்தது. எரியவில்லை. ரோஷன் பீவி அந்தச் சத்தத்துக்கே தாவூதின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆறிய துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதுதான்" என்றாள்.

பலகை மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. அடிக்க வந்தவர் தர்மராஜ், படகு கட்டுகிற ஆசாரி. அந்தக் கரையில் மரத்தில் கைவைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. கிழக்குச் சுவரின் பழைய பலகைகளைக் கழற்றிவிட்டு, முதல் புதுப் பலகையில் நேராக ஆணியை இறக்கினார். மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் ஓடியது.

"இன்னா பாய் இது, அப்பளம் வாங்கினு வந்துகீற?"

அப்புறம் ஒவ்வொரு ஓட்டையையும் துளையிட்டுத் திருகாணி போட்டார். துளையிட்டபோதும் அறுத்தபோதும் தூள் பறந்தது. அவர் தலை, மீசை எல்லாம் வெள்ளை. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆளைத் தின்னும் என்று அன்றைக்கு எங்கள் ஊரில் எவனும் சொல்லவில்லை. விற்றவனும் சொல்லவில்லை. ஈரத்துணி கட்டிக்கொள்ளக்கூட ஒரு வார்த்தை இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் வேலை முடிந்தது. ரோஷன் பீவி மகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போயிருந்தாள். வெயில் தாழத் திரும்பினாள். தெருமுனையிலேயே அவளுக்கு வாடை அடித்தது. சுறா எண்ணெய்.

கிழக்குச் சுவர் பளபளவென்று மின்னியது. சட்டம், தூண், பலகை, ஒரு இடுக்கு விடாமல் எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சிப் பூசியிருந்தார் தர்மராஜ். படகு ஆசாரிக்கு வேலை முடிந்தது என்றால் எண்ணெய் வைத்தாயிற்று என்று அர்த்தம். உப்புக்காற்றில் மரத்தை வெறும் உடம்போடு விட்டுப் போவது அவருக்கு மானக்கேடு. அதுவும் தன் எண்ணெய், கூலி கேட்காமல்.

"மூணு பூச்சு" என்றார். "இருவது வருசம் கியாரண்டி, பீவிம்மா."

போன வருஷம் கரையில் இழுத்து வைத்திருந்த படகுகள் வீடுகளுக்கும் முந்திப் பிடித்து எரிந்ததை ரோஷன் பீவி பார்த்திருக்கிறாள். அவற்றின் மேலும் இதே வாடைதான். பொழுது சாய்கிற நேரம். தாவூது விளக்குத் திரியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏத்தாதீங்க!"

கத்தியதில் ஜெய்புன்னிசா இடுப்பிலேயே துள்ளிவிட்டாள்.

"பலக எரியாது பீவிம்மா. நீதான சோதன பண்ணி வாங்கின?" என்றார் தர்மராஜ்.

"பலக எரியாது ஆசாரி. நீ பூசினது எரியும்."

"சொம்மா பேஜாரு பண்ணாத."

அவள் மகளைத் தாவூதிடம் கொடுத்தாள். பலகையில் அறுத்து மிஞ்சிய, எண்ணெய் பட்ட ஒரு துண்டை எடுத்தாள். முந்தானையில் முடிந்திருந்த செங்கல்பட்டுத் துண்டையும் அவிழ்த்தாள். தெருவில் மூன்று கல் வைத்து மீன்குழம்பு கொதிக்க வைத்திருந்த சந்திரம்மாவிடம் போனாள். இந்தத் தடவை யாரையும் போடச் சொல்லவில்லை. சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு இரண்டையும் தானே நெருப்பில் வைத்தாள்.

ஒரு துண்டு சும்மா கிடந்தது. மற்றது கொஞ்சம் புகைந்துவிட்டுக் குபுக்கென்று பிடித்தது. ஒரு முழம் உயரத்துக்கு மஞ்சள் தீ, கரும்புகை.

தர்மராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லதுன்னு நெனச்சிதாம்மா பண்ணேன்."

"தெரியும் ஆசாரி. அதான் வையக்கூட முடியல."

அன்று அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. சந்திரம்மா வீட்டுச் சோறு. விடிந்ததும் தர்மராஜ் பலகைகளைக் கழற்றினார். சலவைக்காரம் போட்டுக் கொதித்த தண்ணீர், மணல், தேங்காய் நார். நாலு நாள் தேய்த்தார்கள். சட்டத்தை இழைப்புளியால் சீவி மேல்தோலை எடுத்தார் ஆசாரி. அதற்கு மேல் கெட்டிச் சுண்ணாம்பு அடித்துப் பலகையை மறுபடி பூட்டினார். கூலி கொடுக்கப்போன தாவூதை ஒரு முறை முறைத்தார். ரோஷன் பீவி அதோடு விடவில்லை. ஒவ்வொரு பலகையாக மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். இரண்டைத் திரும்பத் தேய்க்கச் சொன்னாள்.

சித்திரையில் ஒரு பகல், சந்திரம்மா மீன்கூடையோடு திருக்கழுக்குன்றம் போயிருந்தாள். தாவூது கடையில் இருந்தார். எங்கிருந்தோ பறந்த ஒரு பொறி சந்திரம்மாவின் கீற்றில் விழுந்தது. ரோஷன் பீவி கிணற்றடியில் இருந்தாள். புகையைப் பார்த்ததும் வாளியை விட்டுவிட்டு ஓடினாள். வாசல்படியில் கால் நின்றது.

அதே இடம். உள்ளே அதே "ம்மா".

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தீ உறுமியது. பலகை பட்பட்டென்று வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் இவள் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். சுவர் நின்றுகொண்டிருந்தது. இடுக்கில் புகை கசிந்தது, தீ வரவில்லை. வெடித்த மூலையில் மட்டும் ஒரு சட்டம் கறுத்துக்கொண்டு வந்தது.

எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. வலக்கால் உள்ளே போனது. பிறகு இடது. மகளை வாரி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தூணில் இடித்து, படியில் தடுக்கி, விழாத குறையாக மணல்வெளிக்கு வந்தாள். வந்த பிறகும் நிற்கவில்லை. கடல் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தாள்.

"ம்மா, நிறுத்தும்மா, எலும்பு நொறுங்குது" என்றாள் ஜெய்புன்னிசா. "நானு எங்க ஓடிடப்போறேன்?"