மாப்பிள்ளை வாயில் டம்பெல்

சலூன்காரருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளை மட்டும் இருந்தான். பழுப்பு நிறம், மடங்கிய ஒரு காது, நான்கு கால். வீட்டில் முதல் தட்டு தனக்குத்தான் என்று வந்து உட்கார்ந்து, தாமதமானால் முறைப்பான். அதனால் வந்த பெயர்.

கீழே இரண்டு நாற்காலி போட்ட சலூன், மேலே இரண்டு அறை வீடு. பின்னாலிருந்த மைதானத்தில் இருபத்தைந்து வருஷம் ஊர் நாய்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவள் அவர் மனைவி. தெருவே அவளை டீச்சர் என்றது. "டீச்சர் நாயையும் பழக்கிட்டாங்க, நம்ம அண்ணனையும் பழக்கிட்டாங்க" என்று சோப்பு நுரைக்குள்ளிருந்து வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள்.

"நாய்க்காவது பிஸ்கட் உண்டுப்பா" என்பார் அவர்.

மாப்பிள்ளைக்கு அவள் சொல்லிக்கொடுத்ததில் கஷ்டமானது டம்பெல். ஆண்கள் தூக்கும் இரும்பு இல்லை. இரண்டு முனையிலும் கட்டை வைத்த, ஒரு சாண் மரத் தண்டு. எறிந்தால் ஓடிப்போய் எடுத்துவந்து, எதிரே உட்கார்ந்து, மெல்லாமல் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். "குடு" என்ற பிறகுதான் விட வேண்டும். அதுவும் டீச்சர் குரலுக்கு மட்டும். நாய்களுக்கான போட்டியில் வேறு யாரும் குரல் கொடுத்துக் கலைத்துவிடக் கூடாதல்லவா? அதனால் கலைக்கிற வேலையை அவள் புருஷனிடமே கொடுத்திருந்தாள். பாதி வெட்டிய தலையை நாற்காலியில் விட்டுவிட்டு, கத்தரியும் கையுமாகப் படியேறி வந்து, "குடுடா மாப்பிள்ளை" என்று கெஞ்சுவார். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பியதற்கு ஒரு பிஸ்கட். நூறு தடவையாவது நடந்திருக்கும். மாப்பிள்ளை பணியவே கூடாத குரல் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது சலூன்காரருடையதுதான்.

பிறகு டீச்சருக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் கிழமைகளை, அப்புறம் சில சாயங்காலங்களில் புருஷனை.

ஒரு நாள் மத்தியானம் அவர் சாப்பிட மேலே வந்தபோது மாப்பிள்ளை நடையில் உட்கார்ந்திருந்தான். வாயில் டம்பெல். கீழே எச்சில் குளமாகத் தேங்கியிருந்தது. முன்னங்கால்கள் நடுங்கின. காலையில் "பிடி" என்று சொன்னவள் சன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"குடு" என்றார். முகத்தைத் திருப்பினான். பிடித்து இழுத்தார். இன்னும் இறுக்கினான், ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. கடைசியில் அவளைக் கைப்பிடித்து அழைத்துவந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொன்னார். அவளும் "வை" என்றாள், "போடு" என்றாள். ஒருவழியாக "குடு" வந்தது. அந்த நொடியே விட்டான்.

விஷயம் தெரிந்து அவளுடைய தங்கை வந்தாள். "அத்தான், நாயை யாருக்காவது குடுத்துடுங்க. ஒரு நாள் இல்ல ஒரு நாள் வாயில கட்டையோட செத்துக் கிடக்கும். அக்காவுக்குத் தெரியவா போகுது?"

"தெரியும்மா" என்றார். காலையில் எழுந்ததும் அலமாரிமேல் இருக்கும் டம்பெல்லை எடுப்பது ஒன்றைத்தான் டீச்சர் இன்னும் மறக்கவில்லை. ஒரு முறை அதை ஒளித்துவைத்துப் பார்த்தார். இருட்டும்வரை ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, "வேலைக்கு நேரமாச்சே" என்று அழுதாள். மாப்பிள்ளை போனால் அவளிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். ஆகவே மாப்பிள்ளை அவர் சொல்லுக்கும் விட்டாக வேண்டும். அதைப் பழக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

காலை வேளைகளில் அவள் தெளிவாக இருப்பாள். "எனக்கும் சொல்லிக்குடேன்" என்றார் சும்மா கேட்பதுபோல். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"இழுக்காதீங்க. இழுத்தா யாரா இருந்தாலும் இறுக்கித்தான் பிடிப்பாங்க. ரெண்டு கையையும் தாடைக்குக் கீழ ஏந்துங்க. ஏந்தத் தெரியாதா? வருஷக்கணக்கா ஊரான் தாடையைத்தானே பிடிக்கிறீங்க."

கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தார். முதலில் அவள் "குடு" என்பாள், அவர் கை ஏந்தும். பிறகு இருவரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்ப்பான், அவரைப் பார்ப்பான், முகத்தைத் திருப்புவான், பழைய வழக்கப்படி பிஸ்கட்டையும் எதிர்பார்ப்பான். ஆறு வாரம் இப்படியே போயிற்று.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் அவர் தனியாக "குடு" என்றார். ஈரமான கட்டை அவர் கையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். டீச்சர் சிரிக்கவில்லை.

"என்கிட்ட மட்டும்தான் குடுக்கணும்னு பழக்கினேன். கலைக்க வந்து நின்னது நீங்கதானே?"

"ஆமா."

"அப்பல்லாம் உங்களால முடியல. இப்ப கலைச்சிட்டீங்க."

அவர் ஈரக் கட்டையைச் சட்டையில் துடைத்தார்.

"பிடிக்கச் சொல்லிட்டு நான் அவனை அப்படியே விட்டுட்டுப் போயிடுறேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்?"

"கொஞ்ச நேரம்தாம்மா."

இருபத்தைந்து வருஷம் நாய்களின் கண்ணைப் படித்தவளுக்குப் புருஷனின் பொய்யைப் படிக்கவா தெரியாது? டம்பெல்லை அவர் கையிலிருந்து வாங்கி, மாப்பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டி, "பிடி" என்றாள். பிடித்தான். அவள் அவனையே பார்த்து நின்றாள். அடுத்த சொல் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று சலூன்காரர் காத்திருந்தார். மாப்பிள்ளையும் காத்திருந்தான். அவள் உதடு அசைந்தது. பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. சன்னலோரம் போய் உட்கார்ந்து சீப்பை எடுத்துக்கொண்டாள்.

கீழே யாரோ "அண்ணே, கடை உண்டா?" என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாடையிலிருந்து ஒரு சொட்டு எச்சில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். முன்னங்கால் நடுங்கத் தொடங்கியதும் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி, "குடு" என்றார்.

அவன் ஒரு முறை சன்னல் பக்கம் பார்த்தான். பிறகு கொடுத்துவிட்டான்.

கட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றவரை டீச்சர் திரும்பிப் பார்த்தாள். மைதானத்துக்குப் புதிதாக நாய் கொண்டுவருகிறவர்களிடம் பேசும் அதே மரியாதையான குரலில் சொன்னாள்:

"சார், குடுத்ததும் நல்ல பிள்ளைன்னு சொல்லணும். யாரும் உங்களுக்குச் சொல்லித்தரலையா?"

"இப்பதாங்க பழகுறேன்" என்றார் அவர்.