பவளாயி ஏன் அழுதாள்?

எனக்குப் பதினைந்து வயது. ஊர், கடலோடு கலக்கும் ஏரியின் கரையிலுள்ள கோட்டைக்குப்பம். பவளாயி தனியாகவே படகு செலுத்திப் பூதத்தின் தீவுக்குப் போய்வந்த கதையை மூன்று முறை படித்தவள் நான். அதன் இரண்டாம் பாகம் வாடகைப் புத்தகக் கடைக்கு வந்ததும் வாங்கிக்கொண்டு நைனாவோடு ஏரிக்குப் போனேன்.

அவர் இடுப்பளவு நீரில் இறங்கி வலை கட்டினார். நான் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைக் கட்டிவிட்டுப் படித்தேன். மீன்கள் விளக்கேற்றும் அரண்மனை! அத்தனை அழகான பக்கங்கள். ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரம் என்பதே மறந்துபோயிற்று. நைனா போட்ட கூச்சலில் நிமிர்ந்தால், கழி பெயர்ந்து படகு முகத்துவாரத்தை நோக்கி ஓடுகிறது.

கயிற்றோடு வந்த கழியை இழுத்தெடுத்து, ஊன்றித் தள்ளிப் படகைத் திருப்பினேன்.

"அப்படி இன்னாடி கீது அந்த புக்குல? இனிமே படகுல புக்கு ஏறக்கூடாது!" என்றார் நைனா.

மீதியை வீட்டில் படித்தேன். புயல் வந்ததும் பவளாயி படகை இளவரசனிடம் விட்டுவிட்டு அழுகிறாள்! எனக்கு வந்ததே கோபம்.

மறுநாளும் புத்தகத்தோடுதான் படகேறினேன்.

"நான் அவளாட்டம் அழுதுகினு உக்காரல நைனா," என்றேன். அவர் ஒரு நங்கூரத்தைத் தூக்கிப் படகில் வைத்தார்.

இப்போது நங்கூரம் போட்ட பிறகே புத்தகத்தைத் திறக்கிறேன். மூன்றாம் பாகம் வந்தாலும் படிப்பேன். ஆனால், நான் திருப்பிய படகைப் பவளாயியால் ஏன் திருப்ப முடியவில்லை? எழுதியவர் பதில் சொல்லட்டும்.