பச்சை நூல்காரி

என் நாத்தனார் அந்த வருஷம் முழுக்க, செத்துப்போன ஒருத்தியின் பேன்ட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தாள். போட்டவளுக்கும் அது தெரியாது, துவைத்துக் காயப்போட்ட எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவற்றை நான் கொடியில் ஏற்றியிருக்கவே மாட்டேன்.

அவள் என் கணவரின் தங்கை. சலவைக் கடையின் பின்பக்கம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வெளுக்க வரும் துணிகளில் பிரிந்ததைத் தைத்து, இறுக்கமானதைத் தளர்த்திக் கொடுப்பது அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. அவளைவிட மூத்த இஸ்திரிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அது வயதை வைத்து வந்த பெயர் இல்லை என்று அவளுக்கும் தெரியும். மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் தன்னைத் தானே கிண்டல் செய்து சிரித்துவிடுவது அவள் பழக்கம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பகலில் சிரிப்பு, ராத்திரியில் குறட்டை. அடுத்த அறையில் அவள் குறட்டை விடும்வரை நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். திடீரென்று அது நின்றுபோகும். மூச்சுச் சத்தமே இருக்காது. என் கணவர் எழுந்து சுவரை ஓங்கித் தட்டுவார். ஒரு பெரிய இழுப்பு இழுத்து அவள் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வரும். ஒருநாள் சுவரைத் தட்டியும் சத்தம் வராமல் போகலாம் என்று எங்கள் குடும்ப டாக்டர் சொல்லிவிட்டார். பட்டினி, நடை, மாத்திரை எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்று ஆனது.

முதலில் போன இடம் கண்ணாடி மாளிகை. சுவர் பூராவும் படங்கள், ஒரே ஆள் இடப்பக்கம் குண்டாக, வலப்பக்கம் ஒல்லியாக. காத்திருக்கும் அறையில் இருந்த நாற்காலிகளுக்கெல்லாம் இரண்டு பக்கமும் கை. என் நாத்தனார் ஒன்றில் உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "கால் வலிக்குது அண்ணி, நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடும்வரை நின்றாள். கால் வலித்தால் யாராவது நிற்பார்களா? நானும் அவளோடு நின்றேன். உள்ளே டாக்டரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"உங்ககிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டு யாராவது செத்திருக்காங்களா?"

"ஏம்மா அபசகுனமா பேசறீங்க? நல்லதையே நினைங்க" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

இரண்டாவது இடம் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் மாடி. அங்கே நாற்காலியே இல்லை. சுவரை ஒட்டி நீளமாக, அகலமாக, கையில்லாத பெஞ்சுகள். என் நாத்தனார் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பெஞ்சின் மெத்தைத் தையலைத் தடவிப் பார்த்து, "நம்மள நினைச்சு வாங்கியிருக்காங்க" என்றாள். டாக்டர் ஒல்லி, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. நான் அவருக்கு அப்போதே முசுடு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். அவரிடமும் இவள் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒருத்தர்."

"எப்படி?"

"ஆபரேஷன் மேஜையில இல்ல. அதுக்கப்புறம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாமப் போச்சு."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு ஆள் போய்ச் சேர்ந்தாச்சுன்னு அவர் வாயாலேயே சொல்றாரு. அவர்கிட்ட போய் வயித்தைக் காட்டப்போறியா?"

"அவர் அவங்களை மறக்கல அண்ணி" என்றாள். "என்னையும் மறக்கமாட்டார்."

ஆபரேஷனுக்கு அங்கேயே தேதி குறித்துக்கொண்டு வந்தோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதம் ஒரு நாள் அந்த மாடியிலேயே கூடிப் பேசுவார்கள். துணைக்கு நான் போவேன். கூட்டத்தை நடத்தியவர் ஒரு எலெக்ட்ரீஷியன். தன் எடையில் பாதியைத் தொலைத்தவர் என்பதால் அவருக்குப் பாதியாள் என்று பட்டம். முசுடு டாக்டர் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அறையின் ஒரு மூலையில் நீளமான இரும்புக் கம்பி, அதில் வரிசையாகத் துணிகள். இவர்கள் இளைக்கிற வேகத்துக்குப் புதுத்துணி வாங்கி மாளாது. அதனால் தொளதொளத்துப் போனதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அடுத்த அளவில் மற்றவர் மாட்டியதை எடுத்துக்கொள்வார்கள். இதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்த மாதம் யார் அதிகம் இளைத்தாரோ அவர் எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். அவர்தான் கம்பியிலிருந்து முதலில் எடுக்கலாம்.

முதல் கூட்டத்திலேயே என் நாத்தனார் ஒரு கருநீலப் பேன்ட்டை எடுத்தாள். வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். குண்டானவர்கள் நடக்கும்போது தொடை உரசித் துணி தேயுமே, அந்த இடத்தில் பச்சை நூலால் கையால் தைத்திருந்தது.

"கருநீலத் துணிக்குப் பச்சை நூல். கையில கிடைச்சதை எடுத்துத் தச்சிருக்கா. ஆனா தையல் எவ்வளவு நெருக்கமா இருக்கு பாருங்க" என்றாள்.

அடுத்த மாதம் எடுத்த சாம்பல் நிறப் பேன்ட்டிலும் அதே பச்சை நூல். அதற்கடுத்த கறுப்பிலும் அதேதான். ஒவ்வொரு முறையும் இவளுக்குச் சரியான அளவில், அவளுடைய ஒன்று கம்பியில் தொங்கியது. இவள் அவளுக்குப் பச்சை நூல்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். தினமும் அவள் பேச்சுத்தான். வலது தொடைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது, வலப்பக்கம் சாய்ந்து நடப்பாளாம். பேன்ட்டின் பின்பக்கம் பளபளத்திருக்கிறது, உட்கார்ந்து பார்க்கும் வேலையாம். நாங்கள் பார்த்தேயிராத ஒருத்தி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்தாள். கொடியில் அந்தப் பேன்ட் காற்றில் ஆடும்போது, யாரோ நிற்பது போல இருந்து நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு அளவு முன்னாடி போய்க்கிட்டே இருக்கா அண்ணி. அவ போன வழியில நான் போறேன்" என்பாள் இவள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இவளும் மளமளவென்று இளைத்தாள். கூட்டத்தில் அடுத்தடுத்து இவள்தான் எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. கைதட்டலைக் கேட்டு அவள் முகம் சிவப்பதைப் பார்த்து என் கண் கலங்கியிருக்கிறது. ராத்திரிக் குறட்டையும் நின்றது. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும். என் கணவர் சுவரைத் தட்டுவதை மறந்தே போனார்.

கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பார். யாருடைய அம்மா என்று யாரும் கேட்டதில்லை. எங்களைப் போல யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டோம். மற்றவர்கள் எவ்வளவு குறைந்தது என்று கேட்டுக் கைகுலுக்கும்போது, அவர் மட்டும் என் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்பார்.

"சாப்பிட்டது வயித்துல நிக்குதாம்மா?"

"நிக்குதும்மா" என்று இவள் கையை உருவிக்கொள்வாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற இடத்தில் இந்தக் கிழவிக்கு வேறு பேச்சே கிடைக்காதா என்று நான் மனசுக்குள் திட்டுவேன்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு சத்தம் வழக்கமாகியிருந்தது. என் நாத்தனார் நாலு வாய் சாப்பிடுவாள். எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். குழாய் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். "கை கழுவ ஒரு ஆறு வேணுமா உனக்கு, குழாயை மூடித் தொலை" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டே வருவாள். கண்ணெல்லாம் ஈரமாக இருக்கும், முகம் கழுவியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் இஸ்திரிக்காரர் தெருவில் என்னை நிறுத்தி, "பெரியக்கா தையல் கோணுதும்மா. மெஷினை மிதிக்கிறப்ப கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்க்கறாங்க" என்றார். உடம்பு இளைத்த அசதி என்று நான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

பிறகு அந்தப் பழுப்பு நிறப் பேன்ட் வந்தது. கம்பியில் இருந்ததிலேயே சின்னது. வழக்கம்போல அவள் அதை உள்பக்கம் திருப்பினாள். பச்சை நூல் இல்லை.

"அப்போ இது வேற யாருதோ" என்றேன்.

"இல்ல அண்ணி. இடுப்புல கொக்கி மாத்தித் தச்சிருக்கிறது அவ கைதான்." விளக்குக்கு நேராகப் பிடித்துத் தொடைப் பக்கத்தைத் தடவினாள். ஓரம், குதிகால் படுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்தாள். துணி கடையில் வாங்கியது போலவே மொடமொடவென்று இருந்தது. அவள் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு முந்தினதும் அவ்வளவா தேயல. நான்தான் கவனிக்கல. அளவு குறையக் குறையத் தேய்மானமும் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. இதைப் போட்டுக்கிட்டு அவ நடக்கவே இல்ல."

"வேற நல்ல பேன்ட் வாங்கியிருப்பா, விடு."

அவள் பேன்ட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் குழாய்ச் சத்தம் கேட்டபோது நான் கத்தவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை, ஆனால் பயமாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் அந்தப் பழுப்புப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இந்த முறையும் அவள்தான் முதல். பாதியாள் பெயர் சொல்ல, எல்லோரும் கைதட்ட, அவள் எழுந்து கம்பியருகே போனாள். அந்த அளவுக்குக் கீழே பச்சை நூல்காரியின் துணி ஒன்றும் இல்லை. வெறும் ஹேங்கர்கள்தான் தொங்கின. அவள் அங்கேயே நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது. பின்வரிசை அம்மா எழுந்து அவளிடம் போனார். அவர் பார்வை இவள் முகத்தில் இல்லை, பேன்ட்டில் இருந்தது.

"சாப்பிட்டது வயித்துல நிக்குதாம்மா?"

என் நாத்தனார் இந்த முறை அவர் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"இது உங்க வீட்டுத் துணியாம்மா?"

"என் பொண்ணோடது."

"அவங்களுக்கு நின்னுச்சா?"

"நிக்குது நிக்குதுன்னுதான் சொன்னா. இதே இடத்துல நின்னு சொன்னா. இவங்கள்லாம் கைதட்டினாங்க."

கதவோரம் டாக்டர் எழுந்துவிட்டார். என் நாத்தனார் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"நிக்கலம்மா" என்றாள். "எதுவும் நிக்கல. தண்ணிகூட வெளிய வந்துடுது. ரொம்ப நாளா."

அத்தனை நாள் ஓடிய குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் காதுக்குள் ஓடியது. அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. டாக்டர் வேகமாக வந்து, "காலைச் சேர்த்து வெச்சுக் கண்ணை மூடுங்க" என்றார். கண்ணை மூடிய உடனே அவள் சாய்ந்தாள். அவர் தாங்கிப் பிடித்தார். வீட்டுக்கு அனுப்பவில்லை. அங்கேயே படுக்க வைத்து, முதலில் வைட்டமின் ஊசி, பிறகு சொட்டு மருந்து ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் இரைப்பை சுருங்கி வழி அடைத்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு அதை விரித்தார்கள்.

வராந்தாவில் டாக்டர் என்னிடம் வந்து நின்றார். "வாந்தி நிக்காம இருந்தா உடம்புல வைட்டமின் தீர்ந்துடும். முதல்ல கால் மரத்துப்போகும். அப்புறம் மூளையைத் தொடும். அந்தப் பொண்ணு அப்படித்தான் போச்சு. நல்லா இருக்கேன்னு சொல்லிச்சு. அதைக் கேக்க எனக்கும் நல்லா இருந்துச்சு."

"அந்த அம்மா இங்க வர்றது உங்களுக்குத் தெரியுமே. துணி அவங்க மாட்டறது?"

"அது தெரியாது. கம்பிப் பக்கம் நான் போறதே இல்ல. அவங்களை வரவேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவரைத் திட்ட வேண்டும் என்று நிறைய வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விழுங்கிவிட்டு நாத்தனார் படுத்திருந்த அறைக்குப் போனேன்.

பின்வரிசை அம்மாவைக் கேட்டேன், ஏன் மகள் துணிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மாட்டினீர்கள் என்று. "வீட்டுல பூட்டி வெச்சா பூச்சி அரிக்கும். யாராவது போட்டுக்கிட்டு நடந்தா, தூரத்துல இருந்து பார்க்கலாம்ல" என்றார். என் நாத்தனார் அதே வேகத்தில் இளைப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவர் தூங்கவில்லையாம்.

முதலில் எடுக்கும் வழக்கம் அத்தோடு ஒழிந்தது. பாதியாள் கொஞ்சம் முனகினார், பிறகு அடங்கினார். அந்தப் பெண் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்றுதான் அதுவரை அவர்கள் நினைத்திருந்தார்களாம். இப்போது கூட்டம் ஆரம்பிக்கும்போது டாக்டரே ஒவ்வொருவராகக் கேட்கிறார், சாப்பிட்டது நிற்கிறதா என்று. என் நாத்தனாரின் இடது பாதத்தில் உணர்வு முழுசாகத் திரும்பவில்லை. மெஷினை வலது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் நான் எதிரில் உட்கார்ந்து, முடிக்கும்வரை நகரமாட்டேன். "ஜெயில் வார்டன்" என்பாள். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருக்கிறது. குழாயை யாராவது கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் இப்போதும் நான் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டிவிடுவேன்.

அந்தப் பழுப்புப் பேன்ட் அவளுக்கு முதலில் அளவாக இருந்தது, மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் கொஞ்ச நாள் இறுக்கியது, பிறகு சரியாகப் பொருந்தியது. அந்த அளவிலேயே அவள் நின்றுவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் கடைக்கு நடந்து போனாள், நடந்து வந்தாள். அந்த அளவிலும் எங்கள் வீட்டுத் தொடை உரசத்தான் செய்யும். ஒருநாள் அது தேய்ந்து பிரிந்தது. கடையில் பழுப்பு நூல் இருந்தும் அவள் பச்சை நூலைக் கோத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அதைத் துவைத்து மடித்துப் பையில் எடுத்துப் போனாள். பின்வரிசை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உள்பக்கம் திருப்பி அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேய்ந்து நைந்த இடத்தையும் அதன்மேல் ஓடிய பச்சைத் தையலையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நீ நல்லா நடந்திருக்கேம்மா."